ஸ்பிட்ஃபயரில் கோளாறா? அறிகுறியிலிருந்து தொடங்குங்கள்: இரண்டு பேராகப் பார்க்கும் முறை

எங்கள் கராஜில் நிற்பது 1978ஆம் வருட டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1500, மடக்குக் கூரை வைத்த இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார். நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் கவென்ட்ரியில். ஸ்பிட்ஃபயர் 1962 முதல் 1980 வரை உருவான கேன்லி தொழிற்சாலை இதே ஊரில்தான் இருந்தது. நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து வாங்கி, சேர்ந்து பிரித்து, சேர்ந்து பூட்டிய கார் இது.

எங்களுக்கு இன்னொரு துணை மதுரையில் இருக்கும் என் மாமனார். எழுபதுகளில் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், அதாவது டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம், வைத்திருந்தவர். சென்னையை ஒட்டிய வண்டலூரில் தயாரான கார் அது. ஸ்பிட்ஃபயரின் சேஸி ஹெரால்ட் சேஸியைக் குறுக்கிச் செய்ததுதான். இரண்டு காரின் உடம்பையும் வரைந்தவர் இத்தாலிக்காரரான மிக்கெலோட்டி. முன்பக்கம் மொத்தமும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாயும் பானட்டும் இரண்டுக்கும் பொது. எஞ்சினும் ஒரே வம்சம். அதனால் மாமா போனில் சொல்லும் பாதி யோசனைகள் எங்கள் காருக்கு அப்படியே பொருந்துகின்றன.

திரும்பத் திரும்ப வந்த கோளாறுகளை நாங்கள் ஒரு நோட்டில் எழுதி வைத்தோம். அதைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன். ஒவ்வொரு அறிகுறிக்கும் காசில்லாமல் பார்க்கக்கூடியது முதலில், செலவு வைப்பது கடைசியில். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்; மாற்றியதும் எழுதுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது, அதே கோளாறு மறுபடி வரும்போது மறுபடி தேடவேண்டியிருக்கும்.

தொடங்கும் முன் மூன்று விஷயம். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகவே கூடாது. ஸ்டாண்ட் வைத்து, காரை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். வயரில் கை வைக்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிடுங்கள். பெட்ரோல் வேலை என்றால் கராஜ் கதவு திறந்திருக்கட்டும், தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

## வாங்கப் போன இடத்தில்

எஞ்சின் சத்தத்தில் மயங்கிவிடாதீர்கள். இந்தக் காரின் எஞ்சின் எளிமையானது, உதிரிபாகங்கள் இங்கே தாராளமாகக் கிடைக்கின்றன. பணத்தை விழுங்குவது துருதான். நல்ல எஞ்சினும் துருப்பிடித்த உடம்பும் உள்ள காரைவிட, ஓடாத எஞ்சினும் நல்ல உடம்பும் உள்ள காரை நான் யோசிக்காமல் எடுப்பேன்.

ஒருவர் விற்பவரோடு பேசட்டும், மற்றவர் தரையில் படுத்துப் பார்க்கட்டும். பிறகு இடம் மாறிக்கொள்ளுங்கள். விற்பவர் முன்னால் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள வேண்டாம். தெருமுனை வரை நடந்துபோய் இரண்டு பேரின் குறிப்பையும் ஒப்பிடுங்கள். நாங்கள் பார்த்த இரண்டாவது கார் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. என் வீட்டுக்காரர் நோட்டில் "டிக்கித் தரை: விரல் உள்ளே போகிறது" என்று இருந்தது. அந்தக் காரை விட்டுவிட்டோம்.

### கதவு இடைவெளி சமமாக இல்லை

முதலில் கீல். கதவைப் பாதி திறந்து நுனியைப் பிடித்து மேலே தூக்குங்கள். ஆட்டம் இருந்தால் கீல் தேய்ந்திருக்கிறது. சின்னச் செலவு.

ஆட்டம் இல்லை, ஆனால் கதவின் மேல்பகுதி நெருங்கியும் கீழ்பகுதி விரிந்தும் இருக்கிறதா? அப்படியென்றால் கார் நடுவில் தொய்கிறது. சேஸி தனியாக இருந்தாலும் ஸ்பிட்ஃபயரின் உடம்புக்கு முதுகெலும்பு கதவுக்கு அடியில் ஓடும் சில்தான். வெளித்தகடு, உள்தகடு, நடுவில் ஒரு வலுவூட்டும் தகடு என்று அது மூன்று அடுக்கு. பார்க்கும் முறை இது: ஒருவர் சீட்டில் உட்காரட்டும், மற்றவர் வெளியே குனிந்து இடைவெளியைக் கவனிக்கட்டும். உட்கார்ந்ததும் இடைவெளி மாறினால், அல்லது உட்கார்ந்தபின் கதவு இறுகினால், உள்ளடுக்கு போயிருக்கிறது. வெளியே பளபளப்பாக இருந்தாலும் நம்பாதீர்கள். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைச் சில்லின் நெடுக நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் பட்டிதான் இருக்கிறது. அப்புறம் உள்ளே கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். பழைய துரு மேலேயே புதுத் தகட்டை ஒட்டியிருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

சில் வேலை கண்டிப்பாகத் தொழில் தெரிந்த வெல்டரிடம்தான் போக வேண்டும். அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "வெட்டுமுன் கதவு வாய்க்குக் குறுக்குக் கம்பி வைப்பீர்களா?" ஆமாம் என்று உடனே பதில் வராவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள். நாங்கள் முதலில் கொடுத்த பட்டறையில் கம்பி வைக்காமல் வெட்டினார்கள். உடம்பு சில மில்லிமீட்டர் தொய்ந்த நிலையிலேயே புதுத் தகட்டை ஒட்டிவிட்டார்கள். கதவு மூடவில்லை. இன்னொருவரிடம் கொண்டுபோய் முழுவதையும் வெட்டி எடுத்து, மறுபடி வைத்தோம். அந்த வருஷ விடுமுறைக்கு ஒதுக்கிய பணம் அதில் போனது.

### சீட்டுக்குப் பின்னால் கார்பெட் ஈரமாக இருக்கிறது

மடக்குக் கூரையின் ரப்பர் ஒழுகலாம், அது சாதாரணம். ஆனால் ஈரம் பல வருஷம் நின்றிருந்தால், சீட்டுக்குப் பின்னால் உள்ள நிமிர்ந்த தகடு அரித்திருக்கும். பின்சக்கரத்தை நேராகப் பிடித்திருக்கும் ரேடியஸ் ஆர்ம் பூட்டியிருப்பது அந்தத் தகட்டில்தான். திருப்புளியின் பிடிப்பக்கத்தால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்றால் இரும்பு, 'தப்' என்றால் துரு. தப் என்றால் வெல்டிங் செலவைக் கணக்குப் போட்டு விலை பேசுங்கள், இல்லையென்றால் திரும்பிவிடுங்கள்.

### போனபோதே எஞ்சின் சூடாக இருக்கிறது

முன்கூட்டியே போன் செய்து "ஸ்டார்ட் செய்யாமல் வையுங்கள்" என்று கேளுங்கள். அப்படிக் கேட்டும் சூடாக இருந்தால், டீ குடித்துவிட்டு வாருங்கள், ஆறட்டும். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மையைச் சொல்லும். விற்பவர் காத்திருக்கச் சம்மதிக்கவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

## சாவியைத் திருப்பினேன், ஸ்டார்ட் ஆகவில்லை

### சத்தமே இல்லை, அல்லது 'டிக்' என்று மட்டும் கேட்கிறது

ஹெட்லைட்டைப் போடுங்கள். மங்கலாக எரிந்தால் பேட்டரி. பிரகாசமாக எரிந்து, சாவியைத் திருப்பும்போது சட்டென்று மங்கினால் எங்கோ இணைப்பு சரியில்லை. டெர்மினல் இரண்டையும் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்குங்கள். பல நேரம் கோளாறு இதோடு முடிந்துவிடும்.

முடியாவிட்டால் எர்த், அதாவது கரண்ட் காரின் உடம்பு வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ரீஸ்டோர் செய்த காரில் முதலில் வரும் கோளாறு இதுதான்.

பெயின்ட் முடிந்து, எல்லாம் பூட்டி, முதல்முறை சாவியைத் திருப்பினோம். ஒன்றுமில்லை. புது பேட்டரி, புது ஸ்டார்ட்டர், புது வயர். மூன்று நாள் தேடினோம். ஸ்டார்ட்டரைக் கழற்றி வெளியே வைத்துச் சோதித்தால் சுற்றுகிறது, காரில் பூட்டினால் சுற்றவில்லை. நான்காம் நாள் மாமா போனில் கேட்டார்: "எர்த்தைச் சுரண்டினீங்களாம்மா?" எஞ்சினுக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள பட்டை வயரைக் கழற்றினோம். கீழே, கண்ணாடி மாதிரி, புதுப் பெயின்ட். பெயின்டின் வழியாகக் கரண்ட் எப்படிப் போகும்? ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இரும்பு தெரியச் சுரண்டி, வாஸ்லின் தடவி மறுபடி பூட்டினோம். முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆனது.

சோதிக்க எளிய வழி: ஜம்ப் லீடு ஒன்றை பேட்டரியின் நெகட்டிவிலிருந்து நேராக எஞ்சின் பிளாக்கில் பிடிக்கச் சொல்லுங்கள், மற்றவர் சாவியைத் திருப்பட்டும். கார் நியூட்ரலில் இருக்க வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றினால் எர்த்தில்தான் கோளாறு. ஹெட்லைட் ஒன்று மங்கல், இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து மினுக்குவது, வைப்பர் மெதுவாக ஓடுவது, இவற்றுக்கும் இதே வைத்தியம்தான். அந்தந்த விளக்கின் எர்த் ஸ்க்ரூவுக்கு அடியில் சுரண்டுங்கள்.

எர்த்தும் சரி, பேட்டரியும் சரி, இன்னும் 'டிக்' மட்டும்தான் என்றால் ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் விடும் சுவிட்சான சோலினாய்டு, அதன்பின் ஸ்டார்ட்டர். கழற்றி ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கையில் எடுத்துப் போங்கள். காரை இழுத்துப் போக வேண்டியதில்லை.

### ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

இங்கே கேள்வி இரண்டுதான்: பொறி வருகிறதா, பெட்ரோல் வருகிறதா?

பொறி பார்க்க, ஒரு பிளக்கைக் கழற்றி வயரோடு சேர்த்து, அதன் உலோகப் பகுதி எஞ்சினைத் தொடும்படி வையுங்கள். பிளக் துளையிலிருந்து தள்ளியே வையுங்கள். ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றவர் பார்க்கட்டும். நீலமாக, 'டக் டக்' என்று பொறி பறந்தால் சரி. மஞ்சளாக, சோர்வாக இருந்தால் அல்லது வரவே இல்லையென்றால் இந்த வரிசையில் போங்கள்:

- பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்கு உள்ளே ஈரம். துணியால் துடையுங்கள். இங்கிலாந்து நவம்பரில் இது வாராவாரம்.
- டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடுமுனையான சிபி பாயிண்டின் இடைவெளி. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜில் 0.38 மி.மீ. முகம் கருகியிருந்தால் மாற்றுங்கள்.
- டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றும் ரோட்டர், பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டென்ஸர். புதிது என்பதால் நல்லது என்று எண்ண வேண்டாம். இப்போது விற்பதில் மட்டமான சரக்கு நிறைய. நாங்கள் பழைய, வேலைசெய்யும் ரோட்டர் ஒன்றையும் கண்டென்ஸர் ஒன்றையும் டிக்கியில் எப்போதும் வைத்திருக்கிறோம். சோதிக்க அதைவிட நல்ல கருவி இல்லை.
- பொறிக்கான உயர் வோல்டேஜைத் தரும் காயில். 1500 காரில் காயிலுக்குப் போகும் வயரிலேயே தடை இருக்கிறது. அதற்கு ஏற்ற குறைந்த வோல்டேஜ் காயில்தான் அதில் வேலைசெய்யும். முன்பிருந்தவர் சாதாரண 12 வோல்ட் காயிலை மாட்டியிருந்தால் பொறி எப்போதும் பலவீனமாகவே இருக்கும். எங்கள் காரில் அப்படித்தான் இருந்தது. வாங்குமுன் காயிலின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

பொறி நன்றாக இருந்தால் பெட்ரோல். பம்ப் எஞ்சினோடு சேர்ந்து இயங்கும் மெக்கானிக்கல் வகை. கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலில் விடுங்கள், ஒருவர் ஸ்டார்ட்டரைச் சுற்றட்டும். இதைச் செய்யும்போது காயிலின் வயரைக் கழற்றியிருக்க வேண்டும், பொறி கூடாது. பெட்ரோல் துடித்துத் துடித்து வந்தால் பம்ப் சரி. வராவிட்டால் முதலில் டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று டேங்கையே பாருங்கள், கேஜை நம்ப வேண்டாம். பிறகு ஃபில்டர், பிறகு டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ், கடைசியில் பம்ப். இது எல்லாமே வீட்டில் முடிகிற வேலை.

பொறியும் இருக்கிறது, பெட்ரோலும் இருக்கிறது, இன்னும் பிடிக்கவில்லை என்றால் பிளக் வயர்கள் சிலிண்டர்களுக்குப் பொறி போகவேண்டிய வரிசையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். 1-3-4-2. ரீஸ்டோர் செய்த காரில் வயர் மாறியிருப்பது சகஜம். டிஸ்ட்ரிபியூட்டரையே 180 டிகிரி திருப்பிப் பூட்டியிருப்பதும் உண்டு.

## பெட்ரோல் வாடை அடிக்கிறது

இதற்கு மட்டும் 'அப்புறம் பார்க்கலாம்' கிடையாது. சாவியை அணைத்து, காரிலிருந்து இறங்கி, பானட்டைத் திறந்து பாருங்கள்.

கார்புரேட்டரிலிருந்து சொட்டினால், மிதவை அறையில் உள்ள ஊசி வால்வில் தூசு சிக்கியிருக்கிறது. மிதவை அறையை மென்மையாகத் தட்டினால் சில நேரம் நின்றுவிடும். ஆனால் அது வீடு வந்து சேருவதற்கான வழிதான். வீட்டுக்கு வந்ததும் திறந்து சுத்தம் செய்யுங்கள்.

ஹோஸ் வழியாகக் கசிந்தால் எல்லா ஹோஸையும் மாற்றுங்கள், ஒன்றை மட்டும் அல்ல. பிரிட்டனில் 2021 முதல் சாதாரண பெட்ரோல் பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்த இ10. பழைய ரப்பரை அது அரித்து மெத்தென்று ஆக்கிவிடும். ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸ் வாங்குங்கள். பெட்ரோலும் எத்தனால் குறைவான இ5 வகை சூப்பர் போட்டால் நல்லது. நாங்கள் அதைத்தான் போடுகிறோம்.

டிக்கியில் வாடை என்றால் டேங்க் மூடியிலிருந்து வரும் ரப்பர் குழாய். டேங்கே ஓட்டை என்றால் மாற்றிவிடுங்கள். பெட்ரோல் டேங்கை வீட்டில் வெல்டிங் செய்ய நினைக்கவே வேண்டாம்.

## சூடு ஏறுகிறது

### பெட்ரோல் முள்ளும் சேர்ந்து ஏறுகிறதா?

முதலில் இதைப் பாருங்கள். வெப்பநிலை முள்ளும் பெட்ரோல் முள்ளும் ஒன்றாக அதிகம் காட்டினால் எஞ்சினில் ஒரு கோளாறும் இல்லை. டேஷ்போர்டுக்குப் பின்னால் இரண்டு கேஜுக்கும் 10 வோல்ட் கொடுக்கும் ஸ்டெபிலைசர் என்ற சின்னப் பெட்டி இருக்கிறது. அதன் எர்த் விட்டுப்போனால் முழு 12 வோல்ட்டும் கேஜுக்குப் போய், இரண்டு முள்ளும் எகிறும். எர்த்தை இறுக்குங்கள், முடியாவிட்டால் பெட்டியை மாற்றுங்கள். இது தெரியாமல் ரேடியேட்டரை மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

### டிராஃபிக்கில் நிற்கும்போது மட்டும்

விசிறி பெல்ட் தளர்ந்திருக்கலாம். அல்லது விசிறியே சோம்பலாகச் சுற்றுகிறது. தண்ணீர் அளவு, ரேடியேட்டர் மூடியின் ரப்பர், இரண்டையும் எஞ்சின் ஆறியபின் பாருங்கள். சூட்டில் மூடியைத் திறந்தால் கை வெந்துவிடும்.

### நெடுஞ்சாலையில் ஓடும்போது

ரேடியேட்டரின் இரு பக்கமும் காற்றை உள்ளே திருப்பிவிடும் அட்டைத் தடுப்புகள் இருக்கின்றனவா? ரீஸ்டோர் செய்யும்போது 'பழைய அட்டை' என்று பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அது இல்லாமல் காற்று ரேடியேட்டரைச் சுற்றிப் போய்விடும், ஊடுருவாது. கெட்டி அட்டையை வெட்டி நாமே செய்யலாம். அடுத்தது தெர்மோஸ்டாட். வெந்நீரில் போட்டு, 82 டிகிரி பக்கம் திறக்கிறதா என்று சமையலறை வெப்பமானியால் பாருங்கள். பிறகு இக்னிஷன் டைமிங், அதாவது பொறி விழும் நேரம். அதன்பின் ரேடியேட்டர் உள்ளே அடைப்பு. அதைக் கழற்றிக் கடையில் கொடுத்துச் சுத்தம் செய்யலாம்.

### தண்ணீர் குறைகிறது, ஒழுகல் எங்கும் இல்லை

எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே உள்ள ஹெட் கேஸ்கெட்டாக இருக்கலாம். ஆயில் மூடிக்கு அடியில் பால் மாதிரி வெள்ளையாக இருந்தால் உடனே பயப்பட வேண்டாம். குளிர்காலத்தில் குட்டிக் குட்டிப் பயணம் போனாலும் அப்படி வரும். டிப் ஸ்டிக்கிலும் வெள்ளை இருந்தால்தான் கவலை. நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் பாருங்கள். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டு குறைந்தால் சந்தேகமே இல்லை. கேஸ்கெட்டை வீட்டிலேயே மாற்றலாம். ஆனால் ஹெட்டைக் கழற்றியபின் அதன் அடிப்பரப்பைச் சமன்படுத்த (ஃபேஸிங்) இன்ஜினியரிங் பட்டறைக்குத்தான் கொடுக்க வேண்டும். அந்தச் செலவை மிச்சம் பிடித்தால் மூன்று மாதத்தில் மறுபடி கழற்றுவீர்கள்.

## கிளட்ச்சை மிதித்தால் எஞ்சின் சத்தம் மாறுகிறது

இந்தத் தலைப்பை மட்டும் படித்தாலும் போதும் என்று சொல்வேன்.

எஞ்சினின் சுழலும் அச்சான கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் பிடித்துக்கொள்வது த்ரஸ்ட் வாஷர் என்ற அரைவட்டத் தகடுகள். சில பவுண்டு விலைதான். இவை தேய்ந்து கீழே விழுந்தால் கிராங்க் பிளாக்கையே உரசி, எஞ்சின் மொத்தமும் வீணாகிவிடும். ஸ்பிட்ஃபயரின் 1300, 1500 எஞ்சின்களில் இது பழகிய வியாதி.

சோதிக்க இரண்டு நிமிஷம், இரண்டு பேர். எஞ்சின் அணைந்திருக்கட்டும். ஒருவர் கிளட்ச்சை முழுதாக மிதித்து விட, மற்றவர் எஞ்சினின் முன்பக்கப் புல்லியைப் பார்க்கட்டும். மயிரிழை அசைவு இயல்பு. 'ஆமா, நகருது' என்று வாய்விட்டுச் சொல்லும் அளவுக்கு நகர்ந்தால் அந்தக் காரை ஓட்டாதீர்கள். வாங்கப் போன இடத்திலும் இதைச் செய்யுங்கள்.

நேரத்தோடு கண்டுபிடித்தால் எஞ்சினை இறக்காமலே சரிசெய்யலாம். ஆயில் சம்ப்பைக் கழற்றி, பின்பக்க மெயின் பேரிங் மூடியை எடுத்து, சற்றுத் தடிமனான புது வாஷரை நழுவவிட்டுச் செருகலாம். எண்ணெய்க்காகத் தோண்டிய வரிகள் இருக்கும் முகம் கிராங்க் பக்கம் இருக்க வேண்டும். இதை மாற்றிப் பூட்டினால் செய்த வேலையெல்லாம் பாழ். சம்ப்பைக் கழற்றியதும் அதில் வாஷரின் துண்டு கிடந்தால் அங்கேயே நிறுத்துங்கள். எஞ்சின் பட்டறைக்காரர் பார்க்காமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது.

குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று நொடி மட்டும் 'கடகட' என்றால் அது வேறு. ஆயில் ஃபில்டர் இரவில் வடிந்துவிடுகிறது. வடியாமல் தடுக்கும் வால்வு உள்ள ஃபில்டர் போடுங்கள், 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றுங்கள். சத்தம் சூடானபின்னும் நீடித்தால், சூடான எஞ்சின் நிமிஷத்துக்கு 2000 சுற்றில் ஓடும்போது ஆயில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டுக்குக் கீழே இருந்தால், பேரிங் தேய்மானம். அது பட்டறை வேலை.

## கியர் விழும்போது கரகர என்கிறது

கிளட்ச் ஆயில் குறைந்திருக்கலாம். ஊற்றி, ஏர் எடுங்கள், அதாவது குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுங்கள். பெடலையும் மாஸ்டர் சிலிண்டரையும் இணைக்கும் பின்னைப் பாருங்கள். துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் மிதிக்கும் தூரத்தில் பாதி அங்கேயே போய்விடும். பிறகு கியர்பாக்ஸ் பக்கம் கிளட்ச்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர்.

இவையெல்லாம் சரியாக இருந்து, இரண்டாம் கியரில் மட்டும் உறுமினால் கியர்பாக்ஸ் உள்ளே தேய்மானம். ஸ்பிட்ஃபயரில் கியர்பாக்ஸ் கீழே இறங்காது. சீட்டையும் நடுவில் உள்ள உறையையும் எடுத்துவிட்டுக் காருக்கு உள்ளே வழியாகத்தான் தூக்க வேண்டும். இரண்டு பேர் கட்டாயம், முதுகைக் கவனியுங்கள். நாங்கள் தூக்குவதை நாங்களே செய்தோம், உள்வேலையைக் கியர்பாக்ஸ்காரரிடம் கொடுத்தோம். கூலியில் பெரும்பகுதி மிச்சம்.

## ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் பின்னால் 'டங்'

யூஜே கிராஸ், அதாவது ஷாஃப்ட் மடங்கிச் சுற்ற உதவும் குறுக்கு இணைப்பு. நடு ஷாஃப்டில் இரண்டு, பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டில் பக்கத்துக்கு ஒன்று. கார் ஸ்டாண்டில் இருக்க, ஒருவர் சக்கரத்தைப் பிடிக்கட்டும், மற்றவர் ஷாஃப்டை முறுக்கட்டும். ஆட்டம் இருக்கும் கிராஸை மாற்றுங்கள். பக்கத்தில் துருப்பொடி சிவப்பாகத் தெரிந்தால் அது காய்ந்துபோய்விட்டது என்று அர்த்தம்.

கிராஸ் நான்கும் நன்றாக இருந்தால் டிஃப்பரென்ஷியலைத் தாங்கும் ரப்பர்கள். பின்சக்கரமே ஆடி, 'ஊம்ம்' என்ற சத்தமும் இருந்தால் ஹப் பேரிங். அதைப் பிரிக்கத் தனிக் கருவி வேண்டும், சுத்தியலால் அடித்தால் ஷாஃப்ட் வளைந்துவிடும். அதைக் கழற்றி எடுத்துப் போய் கடையில் கொடுங்கள்.

## ஸ்டீயரிங் கனமாக இருக்கிறது, திருப்பினால் முனகுகிறது

டயரில் காற்று குறைவா என்று பார்த்துவிட்டு, நேராக ட்ரன்னியனுக்குப் போங்கள். முன்சக்கரம் திரும்பும் அச்சின் அடியில் உள்ள வெண்கலத் திருகு அது. அதற்குள் போக வேண்டியது கிரீஸ் அல்ல, கெட்டியான கியர் ஆயில், ஈபி 90. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. கிரீஸ் இறுகிக் கட்டியாகி, ஈரத்தை உள்ளே நிறுத்தி, மரையை அரிக்கவிடும். ஒரு நாள் திரும்பும்போது அச்சு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். வருஷத்துக்கு ஒரு முறை, பழைய எண்ணெய் மேலே பிதுங்கும் வரை புது எண்ணெயை அழுத்துங்கள்.

சோதனை: முன்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றி, ஒருவர் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டட்டும், மற்றவர் அடியில் பார்க்கட்டும். ஆட்டம் இருந்தால் அல்லது அதன் வரலாறே தெரியாவிட்டால் ட்ரன்னியனையும் செங்குத்து அச்சையும் சேர்த்து மாற்றுங்கள். வேலை முடிந்ததும் சக்கரச் சீரமைப்பு கடையில்தான்.

## பிரேக்

பெடல் மெத்தென்று இறங்கினால் ஏர். ஏர் எடுக்கும்போது எங்களுக்குள் மூன்று சொல் போதும். நான் சக்கரத்தருகே, அவர் சீட்டில். "மிதி" என்றால் மிதித்து "பிடிச்சிருக்கேன்" என்பார். நான் காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து, மூடி, "விடு" என்பேன். அவர் பதில் சொல்லாமல் நான் திறப்பதில்லை, நான் "விடு" சொல்லாமல் அவர் காலை எடுப்பதில்லை. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரத்தில் உள்ள சக்கரத்திலிருந்து தொடங்குங்கள்.

பெடலை அழுத்தியபடி பிடித்தால் மெதுவாக இறங்கிக்கொண்டே போகிறதா? நான்கு சக்கரத்தின் உள்பக்கமும் ஈரம் பாருங்கள். எங்கும் ஈரமில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டர். கார் ஒரு பக்கம் இழுத்தால், அதற்கு எதிர்ப்பக்கத்தில் பிரேக் டிஸ்க்கைக் கவ்வும் கேலிப்பர் அசையாமல் இறுகியிருக்கிறது, அல்லது ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கிறது.

பிரிட்டனில் 40 வயதைத் தாண்டிய, பெரிதாக மாற்றியமைக்காத கார்களுக்கு வருடாந்திர எம்.ஓ.டி. சோதனை கட்டாயமில்லை. நாங்கள் காசு கொடுத்து ஒவ்வொரு வருஷமும் செய்கிறோம். இடது வலது பிரேக் பலத்தை உருளையில் வைத்து அளக்க வீட்டில் வழியில்லை. பிரேக்கில் காரணம் தெரியாத எந்தக் குறையும் இருந்தால், காரை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகாதீர்கள். லாரியில் ஏற்றிப் போங்கள்.

## கார் அப்படியே நிற்கிறது, இரண்டு மாதமாக யாரும் கராஜுக்குப் போகவில்லை

இதுவும் எங்களுக்கு வந்த கோளாறு, இரண்டு முறை. காரணங்களை இதே வரிசையில் பாருங்கள்.

எளிதானது: அடுத்த வேலை எது என்று யாருக்கும் தெரியவில்லை. கராஜ் சுவரில் ஒரு தாள் ஒட்டி, அடுத்து செய்யவேண்டிய ஒரே ஒரு வேலையை, ஒரு மணி நேரத்தில் முடிகிற அளவுக்கு எழுதுங்கள். 'வயரிங் முடிக்கணும்' என்பது ஒரு மணி நேர வேலை அல்ல. 'இடது பின்விளக்கு எர்த்' என்பது அந்த அளவு.

அடுத்தது: கழற்றிய போல்ட் எங்கே என்று தெரியவில்லை. ஒவ்வொரு பாகத்துக்கும் தனி ஜிப் பை, மேலே பெயர், கழற்றுமுன் போட்டோ. கழற்றியவரே எழுத வேண்டும். ஒருவர் கழற்றி மற்றவர் பூட்டும்போதுதான் எங்களுக்குள் சண்டை வந்தது.

அதற்கும் மேல்: பணம். ஒருவர் சொல்லாமல் வாங்கிய பாகம், மற்றவருக்குப் பார்சல் வரும்போது தெரிகிறது. 50 பவுண்டுக்கு மேல் எதுவென்றாலும் இரண்டு பேரும் சரி சொன்ன பிறகுதான் என்று வைத்தோம். ரசீதுகள் ஒரே கோப்பில்.

எல்லாவற்றிலும் கனமானது: இருவரில் ஒருவருக்கு இந்தக் கார் மேல் ஆசை போய்விட்டது. இதை கராஜில் நின்றுகொண்டு பேச வேண்டாம். நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு பேசினோம். சில் வேலையை இரண்டாவது முறை செய்ய வேண்டிவந்தபோது அவருக்கு அலுத்துப்போயிருந்தது. எனக்கும்தான், நான் சொல்லவில்லை. தகடு வேலை மொத்தத்தையும் வெளியே கொடுத்துவிடுவது, எஞ்சினும் வயரிங்கும் மட்டும் நம்முடையது என்று அன்று பிரித்தோம். வெல்டரை அடுத்த நாள் காலை அவரே கூப்பிட்டார்.